பசைச் சட்டி

பைண்டர் ஒருவர் கட்டிய புத்தகம் ஒன்றை வெள்ளம் அடித்துக்கொண்டு போய் மூன்று ஊர் தாண்டிக் கரையில் ஒதுக்கியதாம். எடுத்துப் பார்த்தால் உள்ளே எழுத்தெல்லாம் கரைந்துபோயிருந்தது, அட்டை மட்டும் அசையவில்லையாம். நம்புகிறவர்கள் நம்பலாம். அந்த பைண்டருக்குத் தெருவில் 'கெட்டி' என்றே பெயர். பிடிவாதத்திலும் ஆள் கெட்டிதான்.

வீட்டின் முன்னறைதான் கடை. காலையில் சமையலறை அடுப்பில் மைதாவைக் கரைத்துப் பசை காய்ச்சி, ஆவி பறக்க முன்னறைக்குத் தூக்கிப் போவார். அந்த அடுப்பில் முதல் மரியாதை பசைக்கு, காப்பியெல்லாம் அப்புறம்தான் என்று மனைவி சிரிப்பாள்.

அந்த மனைவிக்குத்தான் ஒருநாள் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாகக் கிளம்பியது. ரத்தத்தைச் சோதித்த டாக்டர், கோதுமை ஆகாது, எந்த வடிவத்திலும் கூடாது, வீட்டில் அந்த மாவின் தூசிகூட இருக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்.

கெட்டி அன்றே வரிந்து கட்டினார். ரொட்டி, பிஸ்கட், சேமியா, ரவை எல்லாம் அக்கம்பக்கத்துக்குப் போயின. சோயா சாஸ் பாட்டிலின் முதுகைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார். அதற்குள்ளும் கோதுமை ஒளிந்திருந்தது. அதையும் துரத்தினார். பிறகு அரிசி மாவில் ரொட்டி சுடக் கிளம்பினார். முதல் ரொட்டி, ஒட்டிய அட்டைகளின் மேல் பாரமாக வைக்க உதவியது. இரண்டாவது, கத்தியைக் கண்டதுமே பயந்து உதிர்ந்தது.

இத்தனை செய்தும் தடிப்பு அடங்கவில்லை. காலையில் சமையலறைக்குள் போய் வந்தால் போதும், அவள் முகம் சிவந்துவிடும்.

நல்ல மனிதருக்குள் சந்தேகம் புகுந்தால் கேட்கவா வேண்டும்? அவள் ரொட்டிப் பிரியை. பூனை எங்கேயாவது பால் குடிக்காமலா இருக்கும் என்று நினைத்தார். தலையணைக்கடியில் தடவிப் பார்த்தார். ஒருநாள் அவளுடைய அக்காள் வந்து உட்கார்ந்திருந்தபோதே, மனைவியின் கைப்பையை எடுத்து மேசைமேல் கொட்டினார். சீப்பு, சில்லறை, மடித்த கைக்குட்டை, டாக்டர் கொடுத்த மாத்திரை.

"உண்மையைச் சொல்லு. வெளியில எங்கயாவது ஒளிச்சு வெச்சுத் தின்னுறியா?"

அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் வைத்தாள். சாயங்காலம் அக்காளோடு கிளம்பிப் போய்விட்டாள்.

அங்கே போன சில நாளில் தடிப்பு மறைந்துவிட்டதாகத் தகவல் வந்தது. அக்காள் கண்ணில் மண்ணைத் தூவ முடியவில்லை போல என்று கெட்டி தன்னையே மெச்சிக்கொண்டார். மெச்சிக்கொள்ள வீட்டில் வேறு ஆளும் இல்லை. வெறும் வீடு விழுங்க வருவதுபோல் இருந்தது. ஒரு நல்ல ரொட்டியோடு போய் அவளை அழைத்து வந்துவிட வேண்டும் என்று மறுபடி மாவில் கை வைத்தார். அது மறுபடி உதிர்ந்தது. ஒரு பக்கம் பசை கொதிக்க, வெட்கத்தை விட்டு அவளுடைய அக்காளுக்கே போன் போட்டார்.

"உதிரத்தான் செய்யும் தம்பி. பிடிச்சு நிறுத்துற பசை கோதுமை மாவுலதானே இருக்கு? அரிசி மாவுன்னா முட்டையும் ஊறவெச்ச ஆளி விதையும் சேர்க்கணும். பசையப் பத்தி உங்களுக்கு நான் பாடம் எடுக்கணுமா?"

அந்த அம்மாள் கேலியாகத்தான் சொன்னாள். கெட்டிக்குச் சிரிப்பு வரவில்லை. அடுப்பைப் பார்த்தார். சட்டியின் விளிம்பில், சுவரில், அலமாரித் தட்டில், ரொட்டி சுடும் தகரத்தின் மேல்கூட மெல்லிய வெள்ளைத் தூசி. பசை கிண்டும் அதே மரக்கரண்டியால்தான் ரொட்டி மாவையும் கிண்டியிருந்தார். நூலும் அட்டையும் வாங்கும் கடையிலேயே மைதாவையும் வாங்கிப் பழகியவர் அவர். அதுவும் கோதுமைதான், தின்கிற பொருள்தான் என்று ஒருநாளும் எண்ணியதில்லை. சோயா சாஸைத் துரத்திய மனிதர், திருடனுக்குத் தினமும் காலையில் அடுப்பு மூட்டிக் கொடுத்திருக்கிறார்.

பசை வேலை பின்கட்டுக்குப் போனது. உடுப்பை அங்கேயே மாற்றிக்கொண்டார். சமையலறையைக் கூரைவரை கழுவினார். புதுக் கரண்டி, புதுத் தகரம். இந்தத் தடவை ரொட்டி கத்திக்கு அடங்கித் துண்டாக வந்தது.

அதைத் தகரத்தோடு எடுத்துக்கொண்டு போய் நடந்ததையெல்லாம் சொன்னார். அவள் மடியில் கைப்பையை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். எந்தக் கரண்டி, எந்தத் தகரம், எங்கே வாங்கிய மாவு என்று விசாரித்துவிட்டுத்தான் ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டாள்.

"நல்லா வந்திருக்கு."

"வீட்டைக் கழுவிட்டேன். வந்துடு."

"வீட்டைக் கழுவிட்டீங்க. அக்கா முன்னாடி என் பையைக் கொட்டினீங்களே, அதை எதைப் போட்டுக் கழுவுவீங்க?"

அவர் கீழே பார்த்தார். ஆயிரம் புத்தகங்களின் முதுகைத் தைத்து ஒட்டிய விரல்கள், சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தன. அக்காள் காப்பி கொண்டுவந்தாள். குடித்துவிட்டுத் தனியாகவே எழுந்தார்.

வாசல்வரை வந்த மனைவி, காலித் தகரத்தை அவரிடம் நீட்டினாள்.

"அடுத்த தடவை உப்பைக் கொஞ்சம் குறைச்சுப் போடுங்க."