இரண்டு பேனர், ஒரு ஞானஸ்நானம்

"அந்த பேனரை அவுத்துடு" என்றார் மாமா. வந்து நின்றவர் உட்காரக்கூட இல்லை.

மாமா என்றால் என் தங்கையின் மாமனார். விஜயபுரம் பக்கம் வேர்க்கடலை போடும் விவசாயக் குடும்பம். ஆனால் அவர் ஏர் பிடித்தது குறைவு, பஸ்ஸில் விசில் ஊதியதுதான் அதிகம். கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்று, திருப்பதியில் வீடு கட்டிக்கொண்டவர். அங்கிருந்து பஸ் பிடித்து சித்தூருக்கு வந்திருந்தார், என் கடை வாசலில் தொங்கிய ஒரு பேனருக்காக.

நான் ஃப்ளெக்ஸ் பேனர் அச்சடிக்கிறவன். தலைவர் பிறந்தநாள், காதுகுத்து, கருமாதி எல்லாம் என் மெஷினிலிருந்துதான் வந்து விழும். அன்றைக்குத் தொங்கியது என் தங்கையின் குழந்தை. கனடாவிலிருந்து வரப்போகிற அந்தப் பெண்குழந்தைக்கு, கிறிஸ்துமஸ் முடிந்து வரும் ஞாயிறு எங்கள் சபையில் ஞானஸ்நானம், அனைவரும் வருக என்று மேலே தெலுங்கிலும் கீழே தமிழிலும் போட்டிருந்தேன்.

"ஏன் மாமா அவுக்கணும்?"

அவர் போனை எடுத்துக் காட்டினார். அவர்கள் ஊர் மாதா கோயில் வாசலில் இன்னொரு பேனர். அதே குழந்தை, அதே போட்டோ, அதே ஞாயிறு. மாதா படத்துக்குக் கீழே 'திருமுழுக்கு விழா' என்று பெரிய எழுத்து; ஞானஸ்நானத்துக்கு அவர்கள் சொல்கிற பேர். திருப்பதியில் எவனோ அடித்துக் கொடுத்திருக்கிறான். கலர் தப்பி, குழந்தைக்கு மஞ்சள் காமாலை வந்த மாதிரி இருந்தது. அதைச் சொன்னேன். சண்டை சூடானது அங்கிருந்துதான்.

வெளியாள் பார்வைக்கு இரண்டும் கிறிஸ்தவக் குடும்பம். எங்களுக்கு அப்படி இல்லை, அவர்கள் கத்தோலிக்கர், நாங்கள் புராட்டஸ்டண்ட். அவர்கள் முன்னோர் தலையில் தண்ணீர் ஊற்றியது பிரெஞ்சு சாமியார்கள். எங்களுக்கு ஊற்றியது இங்கிலீஷ் பேசிய பாதிரிகள். எங்களுடையவர்கள் அமெரிக்காக்காரர்கள் என்று நானும் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். "இங்கிலீஷ்ல பேசினானா இல்லியா? அப்ப அவன் இங்கிலீஷ்காரன்தான்" என்று மாமா முடித்துவிடுவார். அந்த வெள்ளைக்காரர்கள் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு போய் எவ்வளவோ காலமாகிறது. ஒருத்தர்மேல் ஒருத்தருக்கு இருந்த எரிச்சலை மட்டும் எடுத்துப்போக மறந்துவிட்டார்கள் போல.

தலைப்பிள்ளைக்கு எந்த நல்ல காரியமானாலும் முதலில் தாய் வீட்டில் நடக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பிரசவம் கனடாவில் நடந்துபோனதால் ஞானஸ்நானமாவது எங்கள் வீட்டுக் காரியமாக இருக்கட்டும் என்று என் அம்மா முடிவு கட்டியிருந்தாள். தங்கையையும் மாப்பிள்ளையையும் நாங்களும் கேட்கவில்லை, மாமாவும் கேட்கவில்லை. மாமாவுக்கு வேறு பிடி இருந்தது.

"கல்யாணம் எங்க கோயில்ல நடந்தது. பொறக்கற புள்ளைங்கள எங்க சபையில வளப்பேன்னு சாமியார் எதிர்ல என் புள்ள வாக்கு குடுத்தான். உன் தங்கச்சி பக்கத்துலதான் நின்னுகினு இருந்தா. டிக்கெட் எடுத்தது எங்க பஸ்ல, தம்பி. நடுவழியில எறங்கி உங்க பஸ்ல ஏறினா செல்லாது."

சண்டைக்காரர் வாயிலிருந்து வந்தாலும் நல்ல பேச்சு நல்ல பேச்சுதான். ஒரு நொடி ரசித்துவிட்டுத்தான் பதில் சொன்னேன்.

"பஸ்ஸு உங்களுதாவே இருக்கட்டும் மாமா. சுமந்தது எங்க வூட்டுப் பொண்ணு."

வரவழைத்த டீயைத் தொடாமல் போய்விட்டார்.

அன்றைக்கே தங்கைக்கு போன் போட்டேன். நோவா ஸ்கோஷியாவில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் அவளுக்கு வேலை. நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, சம்பந்தமில்லாமல் ஒரு கதை சொன்னாள்.

அவள் இருக்கிற ஊர் கடலோரம். வீட்டுக்குப் பின்னால் நம் ஏரிக்கரை மாதிரி நீளமாக ஒரு மண்கரை போகிறதாம். கடல்தண்ணீர் வயலுக்குள் வராமல் தடுக்கப் போட்டது. நடுநடுவே மரத்தில் மதகு. கடல் ஏறும்போது தானாக மூடிக்கொள்ளும், வற்றும்போது திறந்து வயல்தண்ணீரை வெளியே விடும். கட்டியவர்கள் பிரான்சிலிருந்து போய்க் குடியேறிய விவசாயிகள். அந்தச் சீமைக்கு அப்போது அகாடியா என்று பேர். ஆதியிலிருந்து அங்கே இருந்த ஜனங்களை எந்த ராஜாவும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. பிரெஞ்சுக்காரன் கோட்டை கட்டுவான், இங்கிலீஷ்காரன் கப்பலில் வந்து கொளுத்துவான். இவன் கொடி இறங்கினால் அவன் கொடி ஏறும், அவனுடையது இறங்கினால் இவனுடையது.

கடைசியில் இடம் இங்கிலீஷ்காரன் கையில் நின்றது. எங்கள் ராஜாவுக்கே விசுவாசமாக இருப்போம் என்று சத்தியம் செய்யுங்கள் என்றான். இருக்கிறோம், ஆனால் உனக்காகவும் துப்பாக்கி தூக்க மாட்டோம், அவனுக்காகவும் தூக்க மாட்டோம் என்றார்கள் குடியானவர்கள். பிரெஞ்சுக்காரனும் சும்மா இல்லை. எங்கள் பக்கம் வராவிட்டால் வீட்டைக் கொளுத்துவோம் என்று மிரட்டினான். ரொம்ப காலம் இப்படியே இழுத்து, ஒரு கட்டத்தில் இங்கிலீஷ்காரன் அவர்களை எல்லாம் கப்பலில் ஏற்றி ஊரைவிட்டே அனுப்பிவிட்டான். ஏற்றுகிற அவசரத்தில் புருஷன் ஒரு கப்பல், பெண்டாட்டி ஒரு கப்பல்.

"மாமாகிட்டயும் இதத்தான் சொன்னேன்ணா" என்றாள். "ரெண்டு பேரும் கொஞ்சம் யோசிங்க."

நான் பத்தாவதோடு நின்றவன். மிச்சப் படிப்பெல்லாம் பழைய பேப்பர்க் கடையிலும் போனிலும்தான். அன்று முழுக்க அகாடியாவைத் தோண்டித் தோண்டிப் படித்தேன். மாமாவும் படித்திருக்க வேண்டும். மறுநாள் காலை போன் வந்தது.

"பாத்தியா, உங்க இங்கிலீஷ்காரன் பண்ண வேலைய. பயிர் வச்சி துன்னுகினு இருந்த ஜனங்கள ஊரவுட்டுத் தொரத்தினான்."

"உங்க பிரெஞ்சுக்காரன் மட்டும் இன்னா மாமா? வூட்ட கொளுத்துவேன்னு அவனுந்தானே சொன்னான்."

"அந்த ஜனங்க குடுத்த வாக்க காப்பாத்துனாங்க. அதப் படிச்சியா?"

"ரெண்டு பேருக்குமே வாக்கு குடுக்கலன்னுதான் படிச்சேன்."

"எனக்குச் சரித்திரம் சொல்லித்தராத. பேனர் அடிக்கிறவன் பேனர் அடி."

அம்மா போனைப் பிடுங்கினாள். "அண்ணா, செலைக்கு மெழுகுவத்தி ஏத்தற எடத்துக்கு எங்க குழந்தைய அனுப்ப மாட்டோம்."

"ஒரு மெழுகுவத்தியாவது ஏத்துங்கம்மா. உங்க கோயிலு இருட்டா கீது" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவர்கள் வந்து இறங்கிய அன்று சென்னை ஏர்போர்ட்டுக்கு இரண்டு கார் போயிற்று. மாமா, தன் மகன் கையிலிருந்த டிராலியை வாங்கித் தன் வண்டிக்குத் தள்ளிக்கொண்டு போனார். மகனும் பின்னாலேயே போனான். அம்மா குழந்தையை வாங்கிக்கொண்டு எங்கள் வண்டியில் ஏறிவிட்டாள். தங்கை குழந்தைக்குப் பின்னால் ஓடி வந்து ஏறினாள். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. டிரைவர் ரிவர்ஸ் எடுத்தபோதுதான் மாப்பிள்ளை அந்த வண்டியில் உட்கார்ந்திருப்பதை அவள் பார்த்தாள்.

"வண்டிய நிறுத்துணா."

இறங்கினாள். அம்மா மடியிலிருந்து குழந்தையை எடுத்துக்கொண்டாள். அந்த வண்டிக்குப் போய்க் கண்ணாடியைத் தட்டி, "எறங்குங்க" என்றாள். மாப்பிள்ளை இறங்கினான்.

"அங்க கப்பலு, இங்க காரா?" என்று எங்கள் இரண்டு வண்டிக்கும் நடுவில் நின்று கேட்டாள். மாப்பிள்ளை போனிலேயே ஒரு டாக்ஸி வரவழைத்தான்.

"எங்கப்பா போறீங்க?" என்றார் மாமா.

"திருப்பதிக்கு. லாட்ஜுல தங்கறோம்."

"அதே ஊர்ல சொந்த வூடு கீதேடா."

"அதனாலதாம்பா லாட்ஜு."

மறுநாள் எங்களை வரச்சொல்லி போன் வந்தது. அம்மாவும் நானும் லாட்ஜுக்குப் போனபோது மாமா முன்னாலேயே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வராந்தா முழுக்க மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலைகள், கொடியில் ஈரத்துண்டுகள். அறைக்குள் குழந்தை கட்டிலில் கிடந்து டிவி ரிமோட்டைக் கடித்துக்கொண்டிருந்தது. அம்மா கையை நீட்டினாள். தங்கை, "இரும்மா" என்றாள்.

"ரெண்டு பக்கமும் ஒரு சத்தியம் பண்ணுங்க. இவ வளந்து அவளா கேக்கற வரைக்கும் எந்தக் கோயில்னு பேச்செடுக்க மாட்டோம்னு. பண்ணீங்கன்னா இன்னிக்கே ரெண்டு வூட்டுக்கும் வர்றோம், வருஷா வருஷம் வர்றோம். இல்லன்னா எந்த வூட்டுக்கும் இல்ல. டிக்கெட்ட மாத்திக்கினு கெளம்பிடுவோம். இனிமேலும் வர மாட்டோம்."

"பொண்ணு வூட்டுக்காரங்க மொதல்ல சொல்லட்டும்" என்றார் மாமா.

"வாக்கு வாக்குன்னு பேசினது நீங்கதானே. நீங்க ஆரம்பிங்க" என்றேன்.

"சாமி எதிர்ல குடுத்த வாக்கு ஒண்ணு கீது. அதும்மேல இன்னொண்ணு எப்படிக் குடுக்கறது?"

"அப்பா, சொல்லுப்பா" என்றான் மாப்பிள்ளை. அவர் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குழந்தை ரிமோட்டைப் போட்டுவிட்டு என் அம்மாவைப் பார்த்துச் சிரித்தது. அம்மா முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். ஜெபம் பண்ணும்போதுதான் அப்படிப் போடுவாள். சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உதடு அசைந்தது.

"ஆங், சொல்லட்டும், சொல்லட்டும்" என்றார் மாமா. டிக்கெட் எடுக்காதவனைக் கையும் களவுமாகப் பிடித்த குரல்.

அம்மா முந்தானையைத் தோளுக்கு இறக்கிவிட்டாள். "அவுரு குடுக்காம நாம மட்டும் ஏன்டா குடுக்கணும்?" என்று என்னிடம் கேட்டாள். நானும், "ஆமா, ஏன் குடுக்கணும்?" என்றேன்.

தங்கை பால்புட்டியை எடுத்துப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை. "செரி, நீங்கல்லாம் கெளம்புங்க" என்றாள். நாங்கள் வெளியே வந்ததும் உள்ளே தாழ் போடும் சத்தம் கேட்டது.

லிஃப்டுக்காக நின்றோம்.

"உங்கம்மா சொல்லியிருந்தா நானும் சொல்லியிருப்பேன்" என்றார் மாமா, சுவரைப் பார்த்துக்கொண்டு.

"நீங்க வாய மூடிக்கினு இருந்திருந்தா அம்மா சொல்லியிருப்பாங்க" என்றேன்.

லிஃப்ட் வந்து கதவு திறந்தது. உள்ளே தாராளமாக இடம் இருந்தது. மாமாவுக்கு முழங்கால் வலி. என்றாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் இறங்க ஆரம்பித்தார். வாங்க என்று நான் கூப்பிடவில்லை. அம்மாவும் கூப்பிடவில்லை. கதவு மூடுகிறவரை, படிக்குப் படி நின்று நின்று இறங்கும் அவர் செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.