மில்லிக்கனில் ஒரு வெள்ளிக்கிழமைக் கஞ்சி

நகரத்துக்கு மேற்கே இருக்கும் பிறம்ரனிலிருந்து கிழக்கே மில்லிக்கனுக்கு ஒரு கோப்பைக் கஞ்சிக்காகப் போனோம் என்றால் இப்போதும் ஆட்கள் சிரிப்பார்கள். தொண்ணூறுகளின் நடுப்பகுதி, மார்கழிக் குளிர். என் மனைவி வசந்தி மூன்று மாதக் கர்ப்பிணி. எது சாப்பிட்டாலும் சத்தி, ஒன்றும் வயிற்றில் நிற்காது. வீட்டில் சோறு கொதிக்கிற மணம் வந்தாலே குளியலறைக்கு ஓடுவாள். எடை இன்னும் குறைந்தால் ஆஸ்பத்திரியில் மறித்து வைத்துச் சேலைன் ஏற்ற வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். கலியாணமாகிப் பல வருடத்துக்குப் பிறகு தங்கிய முதல் பிள்ளை. எனக்கு நித்திரையே இல்லை.

வேலையிடத்தில் ஒரு ஹொங்கொங்காரர், தன் மனைவிக்கும் இப்படித்தான் இருந்தது, மில்லிக்கனில் ஒரு சீனக் கடைக் கஞ்சிதான் வயிற்றில் நின்றது என்றார். எனக்கு லீவு வெள்ளியும் சனியும். வந்த வெள்ளிக்கிழமையே கிளம்பினோம்.

நெடுஞ்சாலையால் போனால் முக்கால் மணித்தியாலம். நாங்கள் ஸ்ரீல்ஸ் வீதியால் போனோம். ஏறத்தாழ நாற்பத்தைந்து கிலோமீற்றர், ஒன்றரை மணித்தியாலம். நெடுஞ்சாலையில் நினைத்த இடத்தில் காரை நிற்பாட்டிச் சத்தி எடுக்க முடியாது, அதுதான் காரணம். கர்ப்பிணியோடு போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு இரண்டு தரம் நிற்பாட்ட வேண்டி வந்தது.

கடை ஒரு சின்னப் பிளாசாவில், பல் டொக்டருக்கும் உடுப்புத் தோய்க்கிற இடத்துக்கும் நடுவில். எட்டு மேசை. கண்ணாடியெல்லாம் நீராவி. தாளித்த மணமோ கறி மணமோ இல்லை. வசந்தி மூக்கைப் பொத்தாமல் உள்ளே வந்ததே எனக்குப் பெரிய காரியம். கஞ்சி கோப்பை இரண்டரை டொலர், தொட்டுக்கொள்ள நீளமாகப் பொரித்த மாத்துண்டு எண்பது சதம். தேத்தண்ணிக்குக் காசில்லை.

வெள்ளிக்கிழமையில் வசந்தி மச்சம் தொடமாட்டாள். பிள்ளை தங்கினால் வெள்ளி தவறாமல் சைவம் என்று முருகனுக்கு நேர்ந்திருந்தாள். ஆகவே நூடில்ஸில் இறைச்சி உண்டா, அவித்த மாப் பணிசுக்குள் என்ன என்று துருவித் துருவிக் கேட்டேன். கஞ்சியைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. கஞ்சியென்றால் அரிசி, தண்ணீர், உப்பு; அதில் கேட்க என்ன இருக்கிறது? கூழுக்குள் நண்டும் இறாலும் போடுகிற யாழ்ப்பாணத்தான் நினைத்த நினைப்பு இது.

நாலு கரண்டி குடித்தாள். நின்றது. "இஞ்சருங்கோ, நல்லாயிருக்கு," என்றாள். அந்த வார்த்தையைக் கேட்டுக் கனகாலம். அவளே கடைக்கார அம்மாவைக் கூப்பிட்டு, எப்படி இவ்வளவு பதமாகக் காய்ச்சுகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஐம்பது வயதிருக்கும் அந்த அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. விடியவே கோழி எலும்பை அவிய விட்டுவிடுவேன், அந்தத் தண்ணீரில்தான் அரிசி போடுவது என்றார்.

வசந்தி கரண்டியை வைத்துவிட்டாள்.

"தெரியாமல் குடிச்சது. முருகனுக்கு விளங்கும். நீர் குடியும்," என்றேன்.

"தெரியாமல் குடிச்சது சரி. தெரிஞ்சுபோட்டு எப்பிடிக் குடிக்கிறது?"

எனக்குக் கோபம் வந்தது. அதைவிடப் பயம். ஆஸ்பத்திரிக் கட்டில் கண்ணுக்குள் நின்றது. வெள்ளிக்கிழமை, நேர்த்தி, பிள்ளை என்று அந்த அம்மாவிடம் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாம் சொன்னேன். அவருக்கு அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை. அமாவாசைக்கு அடுத்த நாளும் முழுநிலவுப் பறுவத்திலும் தானும் மச்சம் தொடுவதில்லை என்றார். வேறு சட்டி, வேறு அகப்பை எடுத்து, வசந்திக்குத் தூக்கிக் காட்டிவிட்டு, வெறும் தண்ணீரில் அரிசி போட்டார். அது கரைய ஒரு மணித்தியாலம் பிடித்தது. இஞ்சியும் வறுத்த கச்சான் கடலையும் தூவி வந்த அந்தக் கஞ்சியை வசந்தி வழித்துக் குடித்தாள்.

அந்தக் கடை இப்போது இல்லை. ஆனால் அந்தப் பக்கத்துப் பிளாசாக்களில் கஞ்சிக் கடைக்குப் பஞ்சமில்லை. சனி, ஞாயிறில் போவதானால் பதினொரு மணிக்கு முன் போங்கள், பிறகு மேசை கிடைக்காது. சைவக்காரர் எதில் அவித்தது என்று முதலே கேளுங்கள். கேட்டதற்காக எவரும் கோபித்து நான் பார்த்ததில்லை.

திரும்பும்போதும் ஸ்ரீல்ஸ்தான். உடனே ஒதுக்கி நிற்பாட்டக்கூடிய மாதிரி வலப்பக்கக் கரையாலேயே ஓட்டினேன். வசந்தி கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு சிவப்பு லைற்றிலும் அவள் முகத்தைப் பார்த்தேன். ஒரு தரம் பிளாஸ்ரிக் பையை எடுத்து அவள் மடியில் வைத்தேன், தட்டிவிட்டாள். பிறம்ரன் வந்துவிட்டது. வழியில் எங்கும் நிற்பாட்டவில்லை.

"இஞ்சருங்கோ," என்று கண்ணைத் திறந்தாள். "முதல் தந்த எலும்புக் கஞ்சிதான் நல்ல ருசி. நாளைக்குச் சனிக்கிழமைதானே, போவமா?"