மெட்ராஸ் பலூன்

அப்பா இருந்தார். சித்தப்பா இருந்தார். சித்தி இருந்தாள். நான் இருந்தேன். அம்மா இல்லை. அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு மெட்ராஸ் போனவள், அங்கேயே ஷூ கம்பெனியில் சேர்ந்துவிட்டாள்.

ஆம்பூருக்கு வெளியே எங்கள் வீடு. பின்னால் முள்ளுச் செடியில் கிழிந்த வெள்ளை ரப்பர் மாட்டிக்கொண்டிருந்தது. அதிலிருந்து நீள நூல். நூல் நுனியில் சின்னப் பெட்டி.

சித்தப்பா கிட்டே போகவில்லை. "பாம் கீம் இருக்கப் போவுதுண்ணா."

"உன்னைக் கொல்ல எவன்டா பாம் செலவு பண்ணுவான்?"

அப்பாவுக்குத் தோல் கம்பெனியில் தரம் பிரிக்கிற வேலை. ரப்பரை எடுத்து விரித்தார். பெருவிரலால் தடவினார். வெயிலில் தூக்கி ஓட்டை பார்த்தார்.

"ரிஜெக்ட்" என்றார்.

பெட்டி மேல் இங்கிலீஷில் ஒட்டியிருந்ததைச் சித்தி படித்தாள். "வானிலைக்காரங்க பலூனு மாமா. மேல காத்து, சூடு, ஈரம் எல்லாம் அளக்கறதாம். மெட்ராஸ்ல விட்டிருக்காங்க."

"மெட்ராஸா?"

"ஆமா. இதைத் திருப்பி..."

"திருப்பிக் கொடுக்கணும். அதானே?"

சித்தி அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "ஆமா மாமா."

சித்தப்பா எட்டிப் படித்துவிட்டு வாயைத் திறந்தார். சித்தி முழங்கையால் இடித்தாள்.

மறுநாள் அப்பா லீவு போட்டார். ஷேவ் பண்ணினார். தீபாவளிச் சட்டை போட்டார். ரிஜெக்ட் ரப்பரை முதல் தரத் தோல் மாதிரி சுருட்டிக் கட்டினார். பஸ் முழுக்கப் பெட்டி என் மடியில் இருந்தது. அம்மாவிடம் காட்டலாம் என்று துடைத்துக்கொண்டே வந்தேன்.

மெட்ராஸ் வானிலை ஆபீசில் ஒருத்தர் சிரித்தார். "தினம் விடறோம். கீழ விழுந்தா விழுந்ததுதான். திருப்பித் தர வேணாம்னு இதுலயே போட்டிருக்கே?"

"அப்படிங்களா" என்றார் அப்பா.

பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு, அம்மா தங்கியிருந்த ஹாஸ்டலுக்குப் போனோம். அம்மா கேட்டுக்கு வந்தாள். என் ரிப்பனை அவிழ்த்து இறுக்கிக் கட்டினாள். அப்பா சட்டையைப் பார்த்தாள்.

"இன்னா, இவ்ளோ தூரம்?"

"பலூன் ஒண்ணு விழுந்தது. கவர்மென்ட் பொருளு. கொடுக்க வந்தோம்."

"அதுக்குத்தான் வந்தீங்களா?"

அப்பா தரையைப் பார்த்தார். "அதுக்குத்தான்."

அம்மா "சரி" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

எனக்கு அம்மா மேல்தான் கோபம். அவள் என்ன கேட்டாள் என்பது அன்றைக்குப் புரியவில்லை.

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் எத்தனை டிக்கெட் என்றார்.

அப்பா சொன்னார்: "ரெண்டு."