லேடீஸ் டப்பாவில் தேறிய சாஃப்ட்வேர்

எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால், ஒன்றும் கிடையாது என்றுதான் சொல்வேன். மும்பை தாராவியில் தமிழ் மீடியத்தில் பத்தாவது வரை படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் ஆஸ்பத்திரி படிவமும் மளிகைச் சீட்டும்தான். நாலு பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் பேச வேண்டி வந்தால் கதவு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்கிற ஆள் நான். ஆனால் போன மழைக்காலத்தில் எங்கள் ஆபீசுக்கு ஒரு சாஃப்ட்வேர் தேர்ந்தெடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. அதைச் சொல்ல வேறு ஆள் இல்லாததால் நானே சொல்கிறேன். அதிகப்பிரசங்கித்தனமாகப் பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஆபீஸ் செம்பூரில், பழைய கட்டடம் ஒன்றின் தரைத்தளத்தில் இரண்டு அறை. படுக்கையில் விழுந்துவிட்ட பெரியவர்களையும், ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவர்களையும் பார்த்துக்கொள்ள வீடுகளுக்குப் பெண்களை அனுப்புகிறோம். நடத்துபவர் மாட்டுங்காவில் இருக்கும் ஒரு மாமி. பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு தொடங்கினார். நானும் முதலில் அப்படி வீடுகளுக்குப் போனவள்தான். முதுகு வலி வந்தபின், புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்லித்தரும் வேலையை மாமி எனக்குக் கொடுத்தார்.

சொல்லித்தருவது என்றால் பெரிய வகுப்பு இல்லை. உள்ளறையில் ஓர் இரும்புக் கட்டில். ஒருத்தி நோயாளியாகப் படுத்துக்கொள்வாள். எப்படிப் புரட்டுவது, எப்படித் தூக்கி உட்காரவைப்பது, படுக்கைப் புண் வராமல் எப்படிப் பார்ப்பது என்று நான் செய்து காட்டுவேன். நோயாளியாகப் படுக்க எல்லாருக்கும் பிடித்த ஆள் ஒருவர் உண்டு. சீத்தா கேம்ப்பில் இருப்பவர், என்னைவிட மூத்தவர். அக்கா என்பதை அங்கே முஸ்லிம் வீடுகளில் சொல்கிற மாதிரி எல்லாரும் லாத்தா என்று கூப்பிடுவார்கள், நாங்களும் அப்படியே. அவர் படுத்தால் சும்மா படுக்கமாட்டார். "ஏ புள்ள, கை ஐஸ் மாதிரி இருக்கு, எடு!" என்று நிஜ நோயாளியைவிட மோசமாகக் கத்துவார். புதுப் பெண்கள் பயந்தே பாதி வேலை கற்றுக்கொள்வார்கள்.

லாத்தாவுக்கு அப்போது முலுண்டில் ஒரு வீட்டில் ராத்திரி டியூட்டி. சாயங்காலம் கிளம்பினால் காலையில்தான் வீடு. கணவர் இல்லை. கல்லூரியில் சேர்ந்திருந்த மகள் ராத்திரி தனியாக இருப்பாள். பகல் டியூட்டி ஏதாவது வந்தால் முதலில் தனக்குத் தர வேண்டும் என்று லாத்தா மாமியிடம் சொல்லிவைத்திருந்தார்.

அப்படி ஒன்று வந்தது. சான்பாடாவில் ஒரு முதியோர் இல்லம் எங்களிடம் வேலைக்குப் பெண்கள் கேட்டது. பகல் டியூட்டி. சீத்தா கேம்ப்புக்குப் பக்கத்து ஸ்டேஷனான மான்குர்டில் ரயில் ஏறினால் வாஷி, அடுத்தது சான்பாடா. லாத்தாவுக்கென்றே அமைந்த மாதிரி இருந்தது. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்கள். வருகிற ஒவ்வொருவரும் முறையாகப் பயிற்சி முடித்திருக்க வேண்டும், அதை அவர்கள் கம்ப்யூட்டரில் பார்க்க முடிய வேண்டும். கட்டிலில் சொல்லிக்கொடுத்தோம் என்று வாயால் சொன்னால் போதாது. பாடத்தை வீடியோவாக ஏற்றி, யார் பார்த்தார்கள், யார் பரீட்சையில் தேறினார்கள் என்று காட்டுகிற சாஃப்ட்வேர் ஒன்று வேண்டும்.

"சொல்லித் தர்றவ நீ. நீதான் பாத்துச் சொல்லணும்" என்றார் மாமி.

"எனக்கு என்ன தெரியும் மாமி?"

"எனக்கு மட்டும் என்ன தெரியுமாம்? நான் விலையப் பாக்கறேன், நீ மத்ததப் பாரு."

மூன்று கம்பெனிக்காரர்கள் ஒவ்வொருவராக லேப்டாப்பில் வீடியோ காலில் வந்து தங்கள் சரக்கைக் காட்டுவதாக ஏற்பாடு. முதலாவது பையன் ஹிந்தியும் இங்கிலீஷும் கலந்து வேகமாகப் பேசினான். பாடம் முடித்தால் தங்க நட்சத்திரம், பரீட்சை தேறினால் பட்டாசு வெடிக்கிற மாதிரி படம். மாமிக்கு அது பிடித்துப்போயிற்று. வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டினால் குறைத்துத் தருவதாகவும் சொன்னான். நான் மாமிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். "மேம், எனி கொஸ்டின்?" என்று அவன் கேட்டபோது, கேமராவில் என் முகம் விழாதபடி கொஞ்சம் நகர்ந்துகொண்டேன். கேள்வி இல்லாமல் இல்லை.

அதைச் சில நாட்கள் இலவசமாகப் போட்டுப் பார்த்தோம். வீடியோவில் நான் வரமாட்டேன் என்று பிடிவாதமாகச் சொன்னதால், மாமி என் கைகளை மட்டும் போனில் எடுத்தார். குரல் என்னுடையது, தமிழில் ஒரு தடவை, ஹிந்தியில் ஒரு தடவை. கேள்விகளை அந்தப் பையனே இங்கிலீஷில் எழுதி, ஹிந்தியிலும் போட்டுக்கொடுத்தான். லாத்தாவின் போனிலும் ஏற்றிக்கொடுத்தோம். இரண்டு நாளில் லாத்தா பெயருக்கு நேரே முழு மார்க்கும் தங்க நட்சத்திரமும் வந்துவிட்டன. மாமி எனக்குக் காட்டிச் சந்தோஷப்பட்டார். எனக்கும் சந்தோஷம்தான்.

அந்த வாரமே இல்லத்தில் சில ஆதார் நகல்கள் கொடுக்க லாத்தாவும் நானும் சான்பாடாவுக்கு ரயிலில் போனோம். முழு மார்க்குக்கு அவரைப் பாராட்டினேன். அவர் சிரித்த சிரிப்பில் எதிரே இருந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"அது எம் மவளுக்கு விழுந்த மார்க்கு புள்ள. நான் வீட்டுல இருக்கையில போன் அவகிட்டதான இருக்கும்? வாசிச்சு வாசிச்சு அமுக்கிட்டா. பாஸாயிட்டா. அவளையே சான்பாடாவுக்கு அனுப்புறியளா?"

"லாத்தா, இது வெளையாட்டு இல்ல. அங்க போனா செஞ்சு காட்டச் சொல்லுவாங்க."

"செய்றதுக்கு எனக்கு என்ன பயம்? வாசிக்கத்தான் பயம். குர்ஆன் ஓதுவேன், பஸ் நம்பர் பாப்பேன். ஒங்க பொட்டியில கேக்குற எழுத்து ஒண்ணும் எனக்குத் தெரியாது. தப்பா அமுக்குனா செவப்பு செவப்பாக் காட்டுது, நான் என்னமோ களவாண்டவ மாதிரி."

லாத்தா மட்டும் இல்லை. எங்களிடம் வேலை செய்யும் தமிழ்ப் பெண்களில் மூத்தவர்களுக்கு ஹிந்தி எழுத்து தெரியாது. இங்கேயே பிறந்த சின்னவர்களுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. எந்த எழுத்தில் கேட்டாலும் பாதிப்பேர் வெளியே நிற்க வேண்டும்.

இதற்குள் பார்த்திருந்த இரண்டாவது கம்பெனிக்காரனுடையதும் என் போனில் இருந்தது. அதில் கேள்வியை வாசித்துச் சொல்லும் வசதி உண்டு. லாத்தாவின் போனில் ஏற்றிப் பார்க்கலாம் என்று வாங்கினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"நெட் இல்ல புள்ள. அவ காலேஜ் போறதுக்கு முன்னாடியே ஒரு நாள் நெட்டயும் முடிச்சிருவா."

"அப்ப நீங்க எப்பதான் போன் பாப்பிய?"

"வீட்டுல அவகிட்ட. டியூட்டி வீட்டுல போனைப் பையில போட்டு வைக்கச் சொல்லிருவாங்க. இப்பிடி ரயில்ல போவையில எங்கைல இருக்கும்."

வாஷி பாலத்தின் மேல் ரயில் போய்க்கொண்டிருந்தது. கீழே தண்ணீர் மழையில் கலங்கிக் கிடந்தது. பாடம் ரயிலில் ஓட வேண்டும், நெட் இல்லாமல் ஓட வேண்டும், எழுத்து தெரியாதவரிடமும் கேள்வி கேட்க வேண்டும். எந்த சாஃப்ட்வேர் வேண்டும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மறுபடி ஆபீஸ் போனபோது மாமி முதல் கம்பெனிக்குப் பணம் கட்டத் தயாராக இருந்தார். மகள் பரீட்சை எழுதிய கதையைச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"நன்னா இருக்கு! நானும் நட்சத்திரத்தப் பாத்து ஏமாந்துட்டேனே. சரி, மூணாவது ஆள் இன்னிக்கு வரான். நீயே கேளு. நான் வாயே தெறக்கப்போறதில்ல."

சொன்னபடியே செய்தார். மூன்றாவது ஆள் கொஞ்சம் வயதானவர், மெதுவாகப் பேசினார். அவருடைய சாஃப்ட்வேரில் நட்சத்திரம் இல்லை, பட்டாசு இல்லை, திரை ரேஷன் கார்டு மாதிரி வெறிச்சென்று இருந்தது. பேசி முடித்துவிட்டு அவர் காத்திருந்தார். மாமி ஜன்னலைப் பார்த்தார். கடைசியில் என் வாயிலிருந்து ஹிந்தி வந்தது.

"மொபைல் மே நெட் நஹி ஹை தோ சலேகா க்யா?"

நெட் இல்லாமல் நடக்குமா என்று கேட்டதற்கு, நடக்கும் என்றார். ஆபீஸ் வைஃபையில் இறக்கி வைத்துக்கொள்ளலாம், பரீட்சையும் அப்படியே எழுதலாம், நெட் வரும்போது விடை தானாக ஏறிவிடும். ஒன்று கேட்டபின் அடுத்தது கேட்பது அவ்வளவு கஷ்டமாக இல்லை. கேள்வியை என் குரலிலேயே போடலாமா? போடலாம். விடைக்கு எழுத்துக்குப் பதில் போட்டோ வைக்கலாமா? வைக்கலாம். இன்னும் எத்தனையோ கேட்டேன். அவர் போனபிறகு மாமி என்னைப் பார்த்து, "ஏண்டிம்மா, இவ்வளவையும் உள்ள வச்சுண்டா இத்தன நாள் பேசாம இருந்தே?" என்றார்.

அதையே வாங்கினோம். கேள்விகளை மழைச் சத்தம் ஓய்ந்த நேரமாகப் பார்த்துப் பதிவு செய்தேன். போட்டோவுக்கு வேறு யார், லாத்தாதான் நோயாளியாகப் படுத்தார். சரியான முறைக்கு ஒரு படம், தப்பான முறைக்கு ஒரு படம். தப்பான படத்தில் வேண்டுமென்றே கண்ணைச் செருகிக்கொண்டு நாக்கை நீட்டினார். "லாத்தா, நீங்க செத்துப்போன மாதிரி இருக்கு" என்றேன். "தப்பாச் செஞ்சா சாவத்தான வேணும்?" என்றார். படத்தைத் திரும்ப எடுத்தோம்.

இல்லத்தில் பொறுப்பு நர்ஸாக இருந்த தமிழ் சிஸ்டர் லாத்தாவை நேரில் பார்க்க வேண்டும் என்று கூப்பிட்டார். பாடமெல்லாம் முடிந்துவிட்டது, கடைசிப் பரீட்சை மட்டும் பாக்கி. முலுண்ட் டியூட்டி முடிந்து ரயில் மாறி மாறி வந்த லாத்தா கண் சிவக்க செம்பூரில் என்னோடு ஏறினார். ஜன்னல் ஓரம் இடம் பிடித்து போனைத் திறந்தார். இயர்போனை மகள் எடுத்துப்போய்விட்டாளாம். என் குரல், லேடீஸ் டப்பா என்று இங்கே சொல்கிற பெண்கள் பெட்டி முழுக்கக் கேட்டது. ஷாலை இழுத்து முகத்தை மூடிக்கொள்ளலாமா என்று இருந்தது எனக்கு.

"யாரு இந்தப் பொம்பள?" என்று பக்கத்தில் பூக்கூடை வைத்திருந்த ஒரு அம்மா கேட்டார். சீத்தா கேம்ப் பக்கத்துத் தமிழ்.

"எங்க டீச்சரு" என்றார் லாத்தா, என்னைக் காட்டாமல். காட்டியிருந்தால் அடுத்த ஸ்டேஷன் கோவண்டியிலேயே இறங்கியிருப்பேன்.

"நல்லா வெளங்குற மாதிரி சொல்லுது."

படுத்திருப்பவருக்குத் தண்ணீர் கொடுக்கும் கேள்வி வந்தது. மல்லாந்து படுத்திருக்க ஊற்றுவது ஒரு படம், முதுகுக்குத் தலையணை வைத்து நிமிர்த்திக் கொடுப்பது ஒரு படம்.

"மொதப் படம், மொதப் படத்த அமுக்கு" என்றார் பூக்கூடை அம்மா. "எங்க மாமியாருக்கு அப்பிடித்தான் குடுக்கோம்."

"மாமியாரு மேல அவ்வளவு கோவமா ஒங்களுக்கு? படுக்க வச்சு ஊத்துனா பொற ஏறிரும். தண்ணி நெஞ்சுக்குள்ள போயிரும்." லாத்தா இரண்டாவது படத்தை அமுக்கினார். பச்சை காட்டியது.

"அப்பிடியா? எங்களுக்கு யாரு சொல்லித் தந்தா?" என்றார் அந்த அம்மா. குரல் இறங்கியிருந்தது. "அத இன்னொரு தடவ போடும்மா."

"மொதல்ல எம் பரீட்சை முடியட்டும். நடுவுல ஆன்ஸர் சொன்னிய, நான் ஃபெயிலாப் போயிருவேன்."

மான்குர்டில் இறங்க வேண்டிய அந்த அம்மா இறங்கவில்லை. பாலத்தில் ஏறும்போது லாத்தா பரீட்சையை முடிக்க, வாஷி வரை வந்து, அந்தப் பாடத்தை மறுபடி கேட்டுவிட்டு, திரும்பிப் போக எதிர்ப்பக்க ரயிலுக்கு நடந்தார். வாஷி தாண்டும்போது லாத்தா பரீட்சை மார்க்கைத் திறந்து போனை என் மடியில் வைத்தார். ஒன்றே ஒன்று தப்பு.

இல்லத்தில் சிஸ்டர் தன் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "கடைசிப் பரீட்சை முடிக்கலையே? முடிச்சவங்களைத்தான் எடுக்கச் சொல்லியிருக்காங்க."

லாத்தா என்னைப் பார்த்தார். அந்த அறையிலும் கதவு எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

"முடிச்சிட்டாங்க சிஸ்டர்" என்றேன். "போன்ல நெட் இல்ல, அதனால ஏறல. ஒரு நிமிஷம் குடுங்க." என் போனின் நெட்டைத் திறந்து லாத்தாவின் போனுக்குக் கொடுத்தேன். வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, "ம், வந்தாச்சு" என்று திரையைத் திருப்பிக் காட்டினார். கட்டிலில் இருந்த ஒரு பெரியவரைப் புரட்டிக் காட்டச் சொன்னார். லாத்தா முதலில் கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டார், அதன் பிறகுதான் தொட்டார்.

"எப்ப வருவீங்க?"

"நாளைக்கே" என்றார் லாத்தா. முலுண்ட் வீட்டுக்கு அன்று ராத்திரியே வேறு ஆளை அனுப்பச் சொல்லி, வாசலில் நின்றே மாமிக்குப் போன் செய்தேன்.

மறுநாள் மழையில் சான்பாடா வழியாகப் போகும் ஹார்பர் லைன் ரயில்கள் தாமதமாக ஓடின. லாத்தா அரை மணி நேரம் பிந்தி வேலையில் சேர்ந்தார்.