ஆபீசர் வந்தால் ஓடும் லேத்

நாற்பது வயதுவரை நசருல்லாவுக்கு வாயைத் தவிர வேறு சொத்து கிடையாது. நாகரசம்பட்டியில் மாங்காய் வியாபாரம் செய்த குடும்பம். இவர் மட்டும் ஓசூருக்கு வந்து கம்பெனியில் இரும்பு கடையும் லேத் ஓட்டினார். எண்பத்தாறாம் வருஷம் வேலையை உதறிவிட்டு, மனைவி அதியாவின் வளையல்களை விற்று, பழைய லேத் ஒன்றை வாங்கி வீட்டு முன்னாலேயே ஷெட் போட்டார். அன்று முதல் தெரு அவரை 'முதலாளி பாய்' என்றது. பாதி கிண்டல்தான். இருந்தாலும் அவருக்குப் பிடித்திருந்தது.

பகலெல்லாம் மின்வெட்டு. சாயங்காலம் கரண்ட் வந்ததும் தெருவே கரண்ட் அடுப்பைப் போட்டுவிடும். ஒற்றை பல்புக்கு இணைப்பு வாங்கிய வீடுகள்தான் எல்லாம்! இட்லி விற்கிற ராசாத்தியிடம் மட்டும் மூன்று அடுப்பு. லேத் உறுமும், முனகும், நின்றுவிடும். மாதக் கடைசிக்குள் முதல் ஆர்டரை முடிக்காவிட்டால் முதலாளி மறுபடியும் கூலிக்காரர்தான்.

பெரிய ட்ரான்ஸ்பார்மர் கேட்டு மனுப் போட்டார். அடுத்த ஐந்து வருஷத்துக்கு எந்தத் தெருவுக்கு எவ்வளவு கரண்ட் தேவைப்படும் என்று கணக்கெடுத்துக்கொண்டிருந்த மின்வாரிய ஜே.ஈ. சென்னகிருஷ்ணன், ஒரு சாயங்காலம் மீட்டரோடு வந்து இறங்கினார். ஜீப்பைக் கண்டதும் அபராதத்துக்குப் பயந்து அத்தனை அடுப்பும் அணைந்தது. லேத் அன்றைக்கு ஓடிய ஓட்டம் இருக்கிறதே, கம்பெனியில்கூட அப்படி ஓடியதில்லை.

"நல்லாத்தானே ஓடுது பாய், அப்புறம் எதுக்கு மனு?" என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார்.

வயிறு எரிந்தாலும் நசருல்லாவின் மூளை சும்மா இருக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் தெருமுனையில் நின்று, "செக்கிங் வர்றாங்களாம்!" என்று ஒரு குரல் விட்டார். அடுப்புகள் அணைந்தன, லேத் ஓடியது. அடுத்த நாளும் செக்கிங் வந்தது. இப்படியே ஆர்டர் முடிந்து, அதைப்போல் இரண்டு மடங்கு ஆர்டரும் கைக்கு வந்தது.

சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. சென்னகிருஷ்ணன் கடைவீதியில் பிடித்துக்கொண்டார். "உங்க தெருவுக்குச் சொல்லாம வந்து ரெண்டு தடவை அளந்தேன் பாய். தேவை குறைஞ்சுகிட்டே போகுது. அஞ்சு வருஷத்துக்குப் புது ட்ரான்ஸ்பார்மர் வேணாம்னு எழுதப்போறேன்."

தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டுவிட்டார் நசருல்லா. கெஞ்சிக் கூத்தாடி, "நாளைக்கு ஒரே ஒரு தடவை வாங்க சார்" என்று ஒப்புக்கொள்ள வைத்தார். யார் வீட்டிலும் எட்டிப்பார்ப்பதில்லை என்று வாக்கும் வாங்கினார்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக ராசாத்தி வீட்டுக்குப் போனார். "ராசாத்தியம்மா, செக்கிங்னு புரளி கிளப்பினது நான்தான். மன்னிச்சுக்கோங்க. இன்னைக்குச் சாயங்காலம்..."

"ஓ, நீதானா அது!" ராசாத்தி கரண்டியோடு எழுந்தாள். "எங்க அடுப்பை அணைச்சுட்டுத்தான் உன் மெஷினை ஓட்டினியா பாய்? என் கடைக்கு வந்தவங்க எல்லாம் அடுத்த தெருவுக்குப் போயிட்டாங்களே!" அடுப்பையெல்லாம் போட்டு வையுங்கள் என்ற மிச்சத்தைச் சொல்வதற்குள் கதவு முகத்தில் சாத்தப்பட்டது. அதற்குள் தெருவெல்லாம் சேதி பரவி, மற்ற வீட்டுக் கதவுகளும் சாத்திக்கொண்டன.

சாயங்காலம் சென்னகிருஷ்ணன் ட்ரான்ஸ்பார்மர் ஒயரில் மீட்டரை மாட்டினார். ஜீப்பைப் பார்த்த பழக்கத்தில் தெரு வழக்கம்போல் அடங்கியிருந்தது. லேத்தோ வெட்கமில்லாமல் ஓடியது. அதை நிறுத்தக்கூட நசருல்லாவுக்குக் கை வரவில்லை. எல்லாம் போயிற்று என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

லேத் சத்தம் ராசாத்தி காதில் விழுந்தது. வாசலுக்கு வந்து இடுப்பில் கைவைத்துக் கத்தினாள். "பாருங்கடி, இன்னைக்கும் நம்மள ஏமாத்தி ஓட்டுறான்! ஆபீசராவது மண்ணாவது! அடுப்பு, தேய்ப்புப் பெட்டி, கிரைண்டர், இருக்கிறதை எல்லாம் போடுங்கடி! அந்த மெஷின் எப்படி ஓடுதுன்னு பார்க்கலாம்!"

போட்டார்கள். பல்புகள் மங்கின. லேத் உறுமியது, முனகியது. மீட்டர் முள் ஒரே தாவாகத் தாவியது.

"யப்பா, இந்தத் தெருவுக்கு ரெண்டு ட்ரான்ஸ்பார்மர் வேணும் போல!" என்றார் சென்னகிருஷ்ணன்.

அதியா ஷெட்டிலிருந்து பதறி ஓடிவந்தாள். "ஏங்க, மெஷின் நின்னுடுச்சுங்க!"

"நிக்கட்டும்டி" என்றார் நசருல்லா. "நல்லா நிக்கட்டும்."