கவிழ்த்து வைக்காத சிரட்டைகள்

சிக்குன்குனியாவால் நாட்டுக்கு எவ்வளவு நட்டம் என்று அந்த ஆண்டு டிவியில் கோட்டு போட்டவர்கள் பேசினார்கள். என் நட்டத்தை யாரும் கேட்கவில்லை. அது முந்நூறு ரப்பர் மரம். குலசேகரம் பக்கம் ஒரு தோட்டத்தில் நானும் வீட்டுக்காரரும் பால்வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். வெட்டினால்தான் கூலி.

முதலில் அவர் காய்ச்சலில் விழுந்தார், மூன்றாம் நாள் நான். காய்ச்சல் போய்விட்டது. மூட்டுவலி மட்டும் விருந்துக்கு வந்த சொந்தக்காரனைப் போலத் தங்கிவிட்டது. கத்தியைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. திங்கட்கிழமைக்குள் வராவிட்டால் மரங்களை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று முதலாளி சொல்லியனுப்பினார். எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது.

சுகாதாரத் துறையிலிருந்து ஒரு பெண் வந்து குடம், தொட்டி எல்லாம் எட்டிப் பார்த்தாள். "எங்க வீட்டுல ஒரு கொசு பிறக்காது" என்று ஜம்பமாகச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை விரலைச் சோதித்துப் பார்க்கத் தோட்டத்துக்குப் போனேன். பால் பிடிக்க ஒவ்வொரு மரத்திலும் மாட்டியிருந்த தேங்காய்ச் சிரட்டையில் மழைத்தண்ணீர் நின்றது. அதில் கொசுப்புழு நெளிந்தது. வெட்டு நிறுத்தினால் சிரட்டையைக் கவிழ்த்து வைப்பதுதான் வழக்கம். படுக்கையில் விழுந்த அவதியில் அதை மறந்து, ஊர்க்கொசுவுக்கெல்லாம் முந்நூறு தொட்டில் கட்டி வைத்திருந்தோம்.

வெட்கமாகிவிட்டது. சிரட்டையைப் பிடிக்க விரல் வரவில்லை. புறங்கையால் தட்டினேன், கவிழ்ந்தது. இந்தக் கைக்கு இதாவது முடிகிறதே என்று அழுதுவிட்டேன். வீட்டுக்குப் போய், அக்கம்பக்கத்து வெட்டுக்காரர்களையெல்லாம் சத்தம் போட்டுக் கூப்பிட்டேன்.

"ஏட்டி, எனக்கு நடக்கவே வய்ய" என்றார் வீட்டுக்காரர். ஆனாலும் வந்தார். பத்துப் பேர் நொண்டிக்கொண்டே, எங்கள் மரங்களை முடித்து அடுத்த தோட்டங்களுக்கும் போனோம்.

திங்களன்று முதலாளி வந்தார். கையில் கம்பு, நடையில் எங்களைப் போலவே நொண்டல். அவர் பார்த்து வைத்திருந்த புது ஆளும் காய்ச்சலில் கிடந்தானாம்.

"சிரட்டைய யாரு கவுத்தது?"

"நாங்கதான் மொதலாளி. கத்தி பிடிக்கத்தான் வய்ய."

அவர் தன் வீங்கிய மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டார். "செரி மக்கா. கை நேரானதும் நீயே வெட்டு."

கை நேராக ஒன்றரை மாதம் ஆயிற்று. அதற்குள் எங்கள் பக்கம் புதிதாக யாரும் படுக்கவில்லை. முதல் மரத்தில் கத்தியை வைத்தபோது வெட்டு கொஞ்சம் கோணலாகத்தான் போயிற்று. ஆனால் பால் வந்தது. வந்து, கவிழ்ந்திருந்த சிரட்டையின் முதுகில் சொட்டியது. நிமிர்த்தி வைக்க மறந்திருந்தேன்.

அடுத்த மரத்தடியிலிருந்து வீட்டுக்காரர் சிரித்தார். காய்ச்சலுக்குப் பிறகு அவர் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.