ஷாவ் சாருக்கு உடம்பு சரியில்லை

எங்கள் பள்ளியில் பதினான்கு வருடம் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்த ஷாவ் கைமிங்குக்கு ஒரு நாள்கூட உடம்புக்கு வந்ததில்லை. அவர் மூக்கைச் சிந்திக்கூட நான் பார்த்ததில்லை. ஆனால் என் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டால், ஹூபே மாகாணத்திலேயே அவரைப் போல ஒரு நோயாளி கிடையாது என்பார்கள். வாரத்துக்கு ஒரு தடவை காய்ச்சல், மாதக் கடைசியில் வயிற்றுப்போக்கு, பரீட்சை நெருங்கினால் படுத்த படுக்கை. அத்தனை நோயையும் அவருக்குக் கொடுத்த புண்ணியவதி நான்தான்.

நான் லுவான். கணக்கு டீச்சர். ஒன்பதாவது மூன்றாம் பிரிவுக்கு வகுப்பாசிரியை. எனக்கு வாய் நீளம், பொறுமை குறைவு. உடற்பயிற்சி பீரியட் வந்தால் என் கை அரிக்கும். நாற்பத்தைந்து நிமிடம் பந்தைத் துரத்துவதற்கா? அதில் எட்டுக் கணக்குப் போடலாம். எங்கள் ஊரில் எல்லாக் கணக்கு டீச்சரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். மணி அடித்ததும் வாசலில் போய் நின்றுகொள்வேன்.

"ஷாவ் சாருக்கு இன்னிக்கு உடம்பு சரியில்ல. எல்லாரும் கணக்குப் புஸ்தகத்த எடுங்க."

"டீச்சர், போன பீரியட்லதான் அவரு மைதானத்துல குட்டிக்கரணம் அடிச்சுக் காட்டிக்கிட்டு இருந்தாரு" என்று கடைசி வரிசையிலிருந்து ஒருத்தன் சொல்வான்.

"அதனாலதான் உடம்புக்கு வந்துருச்சு. பக்கம் நாப்பத்தாறு."

இதில் நான் வெகு நாள் கவனிக்கத் தவறிய ஒன்று உண்டு. நான் பீரியடைப் பிடுங்கும் நாட்களில் ஷாவ் மைதானத்தில் இருக்க மாட்டார். பந்துகளும் பாய்களும் போட்டுவைத்திருக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கோடையில் அந்த அறை அடுப்பு மாதிரி இருக்கும். எதற்கு இப்படி வேகிறார் என்று ஒரு நாள் நேரிலேயே கேட்டுவிட்டேன்.

"ஜன்னல் வழியா என்னைப் பாத்துட்டா டீச்சர் பொய் சொல்றாங்கன்னு ஆயிடும்ல? அப்புறம் வகுப்புல உங்க பேச்சு எடுபடுமா?" என்றார் அவர்.

கிண்டல் செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, நிஜமாகவே அதைத்தான் நினைத்திருந்தார். நான் சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன்.

அவருடைய அப்பா ஆற்றில் மணல் படகு ஓட்டியவர். ஷாவ் இளமையில் எங்கள் மாவட்டத்துக்காகத் தடை தாண்டும் ஓட்டம் ஓடியிருக்கிறார். இருபத்து மூன்று வயதில் குதிகால் நரம்பு அறுந்ததும் எங்கள் பள்ளிக்கு வந்து சேர்ந்தார். மணமாகவில்லை. யாராவது பெண் பார்த்துச் சொன்னால், "மாசத்துல பாதி படுத்துக் கிடக்கிறவனுக்கு யாரு குடுப்பா?" என்று என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். காலையில் பள்ளி வாசலில் எள் விழுது பிசைந்த நூடுல்ஸைக் காகிதக் கிண்ணத்தில் வைத்து, நின்றபடியே சாப்பிடுவார். சாப்பாட்டில் கண் இருக்காது. உள்ளே வரும் பிள்ளைகளின் கால்களில் இருக்கும். எவன் அண்ணனுடைய செருப்பைப் போட்டுக்கொண்டு வருகிறான், எவளுக்கு முட்டி வலிக்கிறது என்று பார்த்தே சொல்லிவிடுவார். நாங்கள் எல்லோரும் பிள்ளைகளின் விடைத்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் பள்ளியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது அவர் ஒருவர்தான். அப்போது இது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

கல்வி அலுவலகத்துக்காக ஒரு பதிவேடு உண்டு. எந்தப் பீரியட் நடந்தது, எந்த மாணவருக்கு உடல்நிலை எப்படி என்று ஒவ்வொரு வாரமும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நான் பிடுங்கிய பீரியடையும் அவர் 'நடந்தது' என்றே எழுதுவார், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'நலம்' என்று போடுவார். இல்லாவிட்டால் எனக்கும் பள்ளிக்கும் கெட்ட பெயர். இப்படி எழுதச் சொல்லி அவரிடம் யாரும் கேட்கக்கூட இல்லை.

இனி என் வகுப்புப் பெண் வெய்ஜிங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினைந்து வயது. முப்பது வருடத்தில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த கணக்கு மூளை. நான் பலகையில் கேள்வியை எழுதி முடிப்பதற்குள் அவள் விடை எழுதியிருப்பாள். அவள் எங்கள் ஊரிலேயே சிறந்ததான முதலாம் உயர்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டும் என்பது அவள் அம்மாவின் ஆசை. அவள் அம்மாவைவிட எனக்குத்தான் அந்த ஆசை அதிகம் என்று நினைக்கிறேன்.

அந்தப் பள்ளிக்கான தேர்வில் உடற்பயிற்சிக்கு ஐம்பது மதிப்பெண். பெண் பிள்ளைகள் எண்ணூறு மீட்டர் ஓட வேண்டும். உடம்புக்கு முடியாது என்று மருத்துவச் சான்று கொடுத்தால் ஓட வேண்டாம். ஆனால் முப்பதுதான் கிடைக்கும். இந்த விதியை எழுதிய மகராசனை நான் ஒரு நாள் பார்க்க வேண்டும்.

பிப்ரவரியில் சீனப் புத்தாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம் வெய்ஜிங்கின் அம்மா என் மேசைக்கு வந்தாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"டீச்சர், இவளுக்குச் சளின்னு டாக்டர்கிட்ட காட்டினேன். நெஞ்சுல ஏதோ சத்தம் கேக்குது, வூஹான்ல பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னாரு."

"போனீங்களா?"

"பரீட்சை முடிஞ்சு போலாம்னு. இப்பப் போனா நோயின்னு எழுதிருவாங்க. எழுதிட்டா இருபது மார்க் போச்சு டீச்சர். இத்தன வருஷம் நடந்துக்கிட்டுதான இருக்கா? ஒரு ஓட்டம் ஓட மாட்டாளா?"

யோசித்தேன் என்று சொல்ல ஆசைதான். யோசிக்கவில்லை, கூட்டிக் கழித்துப் பார்த்தேன். அவளுக்கு அந்த இருபதும் வேண்டும்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றேன்.

அந்தப் பருவத்தில் மூன்றாம் பிரிவின் உடற்பயிற்சி பீரியட் பதினாறையும் நான் எடுத்துக்கொண்டேன். ஓட்டப் பயிற்சியை ஆற்றங்கரையில் பெற்றோரே கொடுக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். ஷாவ் இரண்டு முறை வந்து கேட்டார். "ஒரு பீரியடாவது குடுங்க டீச்சர், யாரு எப்படி மூச்சு விடுறாங்கன்னு ஒருக்கா பாத்துக்கிறேன்." அடுத்த வாரம் என்றேன். அடுத்த வாரமும் அதையே சொன்னேன்.

ஏப்ரல் கடைசியில் நகர விளையாட்டரங்கில் உடற்பயிற்சித் தேர்வு நடந்தது. ஆசிரியர்கள் கயிற்றுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். தடத்தில் கால் வைத்தால் மாணவரின் ஓட்டம் செல்லாது. வெய்ஜிங்கின் அம்மா, தெம்பாக இருக்கட்டும் என்று மகளின் நாக்குக்கு அடியில் ஒரு துண்டு ஜின்செங் வேரை வைத்து அனுப்பினாள். நான் முடிவுக் கோட்டருகே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கையில் கடிகாரம். முதல் சுற்றில் நல்ல நேரம். இரண்டாவது சுற்றில் பாதி வரைக்கும் நல்ல நேரம். "இன்னும் கொஞ்சம்தான், விடாத" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

அப்போதுதான் ஷாவ் கயிற்றைத் தாண்டினார். அறுந்து ஒட்டிய அந்தக் காலோடு அவர் ஓடியதை நான் அன்றுதான் பார்த்தேன். கடைசி வளைவில் போய் அவளை இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தினார். நடுவர் விசில் ஊதினார். வெய்ஜிங் திமிறினாள்.

"விடுங்க சார், நூறு மீட்டர்தான் இருக்கு. விடுங்க சார்."

அவர் விடவில்லை. புல்லில் அவளை உட்காரவைத்து, தலையை நெஞ்சில் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். நான் ஓடிப் போனபோது அவள் உதடு மல்பெரிப் பழம் தின்றவள் உதடு மாதிரி நீலம் பாரித்திருந்தது. பத்து நிமிடத்தில் நிறம் திரும்பிவிட்டது. எழுந்து நடந்தாள். அவளுடைய தாளில் ஓட்டத்துக்கு எதிரே பூஜ்யம் போட்டார்கள்.

அவள் அம்மா ஷாவின் சட்டையைப் பிடித்துவிட்டாள். "என் பொண்ணு வாழ்க்கையில மண்ண அள்ளிப் போட்டுட்டியே, நீ நல்லா இருப்பியா?" என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டாள். ஷாவ் சட்டையை விடுவித்துக்கொள்ளக்கூட முயலவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன், சும்மா நின்றேன்.

புகார் கல்வி அலுவலகத்துக்குப் போயிற்று. இரண்டு வாரம் கழித்துத் தலைமையாசிரியர் மேயின் அறையில் விசாரணை. அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். ஷாவ், அந்த அம்மா, வகுப்பாசிரியை என்ற முறையில் நான். காரணமில்லாமல் தேர்வைக் கெடுத்தார் என்று முடிவானால் ஷாவுக்கு வேலை போகும். இது அறையில் எல்லோருக்கும் தெரியும்.

அதிகாரி பதிவேட்டைத் திறந்தார். "இந்தப் பருவத்துல பதினாறு பீரியட் எடுத்திருக்கீங்க. பதினாறுலயும் இந்தப் பொண்ணுக்கு 'நலம்'னு உங்க கையெழுத்து. பரீட்சை அன்னிக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சது நோய்?"

"அன்னிக்குத்தான் பாத்தேன்" என்றார் ஷாவ்.

"பிள்ளைங்களைத் தனித்தனியா விசாரிச்சேன். உங்களுக்கு எப்பவும் உடம்பு சரியில்லையாமே? வகுப்புக்கே வரமாட்டீங்களாமே? யாரோ ஒருத்தர் வாய் தவறிச் சொன்னதில்ல, முப்பத்தெட்டுப் பேரும் சொல்றாங்க."

தலைமையாசிரியர் மேய் என்னை ஒரு பார்வை பார்த்தார். வாயைத் திறக்காதே என்று அதற்கு அர்த்தம். பதினோரு வருடம் காத்திருந்து முதுநிலை ஆசிரியர் பட்டியலில் அந்த மாதம்தான் என் பெயர் வந்திருந்தது. இதை மறைத்தால் பெயர் நிற்கும்.

ஷாவ் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து, "ஆமாங்க. எனக்கு அடிக்கடி உடம்புக்கு வரும்" என்றார்.

நான் ஒன்றும் பெரிய நியாயவாதி இல்லை. அவர் வாதாடியிருந்தால், என் பெயரை இழுத்திருந்தால், நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லித் தப்பித்திருப்பேன். அந்த மனுஷன் என் பொய்யைத் தன் தலையில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நான் என்ன செய்வது?

எழுந்து நின்றேன். "அவருக்கு ஒரு நாளும் உடம்பு சரியில்லாமப் போனதில்ல. அந்தப் பதினாறு பீரியடும் நான் எடுத்துக்கிட்டேன். கையெழுத்து எங்களுக்காகப் போட்டது. இந்தப் பொண்ணு நெஞ்சுல சத்தம் இருக்குன்னு டாக்டர் சொன்னதும் எனக்குத் தெரியும். பிப்ரவரியிலேயே தெரியும்."

"டீச்சர்" என்றாள் அந்த அம்மா.

ஷாவுக்கு வேலை தப்பியது. என் பெயர் பட்டியலிலிருந்து போயிற்று, போகட்டும். வெய்ஜிங்கை அந்தக் கோடையில் வூஹானுக்குக் கூட்டிப் போனார்கள். இதயத்தில் ஓட்டை இருந்தது, அடைத்தார்கள். அன்று அந்த நூறு மீட்டரை ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவள் அம்மா கேட்டதற்கு, முடித்திருக்கலாம், முடிக்காமலும் போயிருக்கலாம், யாராலும் சொல்ல முடியாது என்றாராம் டாக்டர். அவள் இரண்டாம் உயர்நிலைப் பள்ளியில்தான் சேர்ந்தாள். அங்கேயும் கணக்கில் அவள்தான் முதல்.

ஆனால் நான் மறக்க முடியாதது அன்று அந்த அறைக்கு வெளியே நடந்ததுதான். நானும் ஷாவும் ஒன்றாக மாடிப்படி இறங்கினோம். உண்மையைச் சொல்கிறேன், அவர் நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். இவ்வளவு பெரிய காரியம் செய்துவிட்டு வருகிறேன் அல்லவா? பாதிப் படியில் அவர் நின்றார். முகம் சிவந்திருந்தது. ஷாவுக்குக் கோபம் வரும் என்பதே எனக்கு அன்றுவரை தெரியாது.

"பிப்ரவரியிலேயே தெரியுமா?"

"தெரியும்."

"பீரியட எடுத்துக்கிட்டீங்க, அது போகட்டும். என்னை நோயாளி ஆக்கினீங்க, அதுவும் போகட்டும். அவ ஓடுறப்ப நீங்க கயித்துகிட்ட நின்னு கத்துனீங்களே, டீச்சர். ஓடு ஓடுன்னு." அவர் ஒரு படி இறங்கித் திரும்பினார். "ஒரு புள்ள உசுருக்கு உங்க கணக்குல எத்தன மார்க்?"

அவர் பதிலுக்காக நிற்கவில்லை. இறங்கி மைதானத்துக்குப் போய்விட்டார். நான் அந்தப் படியிலேயே நின்றேன். கேள்வி கேட்டால் விடை தானாக வரும் எனக்கு, பழக்கம். அதுவும் வந்துவிட்டது. இருபது.